மானிப்பாயில் ஒரு மருத்துவ ஆசான்: டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன்

 

மலர்க்குழுவினர் ஒரு கட்டுரை வேண்டும் என்று கேட்டபோது, கல்லூரி நாட்களின் நினைவுகளை எழுதத்தான் நிறையப் பேர் இருக்கிறார்களே, நான் நம் தொழிலில் நமக்கு முன்னால் நடந்துபோன ஒரு பெரியவரைப் பற்றி எழுதுகிறேன் என்று சொன்னேன். மருத்துவப் பட்டம் வாங்கி ஊரில் கிளினிக் போட்டு உட்கார்ந்த பிறகு, ஒரு டாக்டர் தன் படிப்பை எப்படிப் புதுப்பித்துக்கொள்வது? அவரிடம் வேலை பார்க்கிற நர்சுக்கும் கம்பவுண்டருக்கும் யார் சொல்லிக் கொடுப்பது? எந்த மொழியில் சொல்லிக் கொடுப்பது? இந்தக் கேள்விகளெல்லாம் நேற்று முளைத்தவை அல்ல. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே யாழ்ப்பாணத்தில் மானிப்பாய் என்ற ஊரில் ஓர் அமெரிக்கர் இவற்றோடு மல்லுக்கட்டியிருக்கிறார். அவர்தான் டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன்.

பிறப்பும் படிப்பும்

கிறீன் 1822-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில் பிறந்தார். அவர் அண்ணன் ஆண்ட்ரூ ஹாஸ்வெல் கிறீன் நியூயார்க் சரித்திரத்தில் பெரிய பெயர். அந்நகரின் புகழ்பெற்ற சென்ட்ரல் பார்க் உருவானதிலும், 1898-ல் சுற்றுவட்டாரப் பகுதிகளெல்லாம் ஒன்றாகி இன்றைய பெருநகரமாக ஆனதிலும் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. அண்ணன் ஒரு மாநகரத்தைக் கட்டிக்கொண்டிருந்த காலத்தில் தம்பி பனைமரத் தோப்புகளுக்கு நடுவே உட்கார்ந்து தமிழில் உடற்கூறு எழுதிக்கொண்டிருந்தார். ஒரே வீட்டுப் பிள்ளைகள் இருவர் எவ்வளவு தள்ளித்தள்ளிப் போய் வேலை செய்திருக்கிறார்கள் பாருங்கள்!

சாமுவேல் கிறீன் நியூயார்க்கிலுள்ள மருத்துவர் அறுவைசிகிச்சையாளர் கல்லூரியில் படித்து 1845-ல் பட்டம் பெற்றார். இந்த ஆண்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். அமெரிக்க மிஷன் அவரை மருத்துவ ஊழியராக இலங்கைக்கு அனுப்ப, 1847 அக்டோபரில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு ஏறத்தாழ 25 வயது.

யாழ்ப்பாணத்துக்கு அவர் முதல் மிஷன் டாக்டர் அல்ல. டாக்டர் ஜான் ஸ்கட்டர் 1820-லேயே பண்டத்தரிப்பில் மருத்துவப்பணி தொடங்கி, பிறகு 1836-ல் சென்னைக்கு வந்துவிட்டார். வேலூரில் மருத்துவக் கல்லூரி கண்ட ஐடா ஸ்கட்டர் அம்மையார் இந்த ஜான் ஸ்கட்டரின் பேத்திதான். ஆகவே வேலூர்க் கதைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஒரு வேர்த்தொடர்பு உண்டு என்பதை நம் மாணவர்கள் தெரிந்துகொள்வது நல்லது.

மானிப்பாய் வகுப்பறை

கிறீன் முதலில் வட்டுக்கோட்டையில் இருந்தார். 1848-ல் மானிப்பாய்க்குப் போய் வைத்தியசாலை நடத்தத் தொடங்கினார். அதே ஆண்டிலேயே சில இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு மருத்துவம் கற்பிக்கவும் ஆரம்பித்துவிட்டார். நோயாளிகளைப் பார்த்து முடிப்பதே பெரும்பாடு. அதற்கு நடுவில் வகுப்பு எதற்கு என்று நமக்குத் தோன்றும். தான் ஒருவனே எத்தனை பேரைப் பார்க்க முடியும், தனக்குப் பிறகு இந்த ஊருக்கு யார் என்ற கணக்கை அவர் வந்த கையோடு போட்டுவிட்டார் என்றே நான் நினைக்கிறேன்.

அங்கே படிப்பு என்றால் வெறும் பாடப்புத்தகப் படிப்பு இல்லை. பையன்கள் வைத்தியசாலையிலேயே இருந்து, புண் கட்டி, மருந்து கலந்து, ஆசிரியரோடு நின்று நோயாளியைப் பார்த்துப் பழகினார்கள். நம்ம காலத்து ஹவுஸ் சர்ஜன் பயிற்சியும் பாடமும் ஒன்றாகக் கலந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். 1850-ல் யாழ்ப்பாண நகரில் அரசாங்க அதிபர் டைக் துரையின் முயற்சியில் பிரண்ட்-இன்-நீட் சங்கத்தின் ஆஸ்பத்திரி தோன்றியது. கிறீனின் மாணவர்கள் அங்கும் பணிபுரிந்தார்கள். இன்றைய யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் தொடக்கம் அந்த ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறது.

இப்படி அவர் காலத்தில் பயிற்சி பெற்று வெளிவந்தவர்கள் 60 பேருக்கும் மேல். டான்போர்த், சப்மன், சுவாமிநாதன் முதலியவர்கள் அவர்களில் குறிப்பிடத்தக்கவர்கள். பெயர்களைப் பார்த்து ஏதோ வெள்ளைக்காரர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். எல்லோரும் யாழ்ப்பாணத்துத் தமிழ்ப் பிள்ளைகள். மிஷன் பள்ளிகளில் அமெரிக்க நன்கொடையாளர் பெயரைப் பிள்ளைகளுக்குச் சூட்டுவது அக்கால வழக்கம்.

ஆங்கிலம் விட்டுத் தமிழுக்கு

கிறீன் முதலில் ஆங்கிலத்தில்தான் பாடம் சொன்னார். வட்டுக்கோட்டை செமினரியில் படித்து ஆங்கிலம் அறிந்த பையன்கள் கிடைத்ததால் அது சுலபமாகவும் இருந்தது. ஆனால் விளைவு என்ன ஆயிற்று? ஆங்கிலத்தில் மருத்துவம் கற்றவர்களுக்கு அரசாங்க உத்தியோகம் காத்திருந்தது. நல்ல சம்பளம், மாற்றல், பதவி என்று அவர்கள் கிராமத்தை விட்டுப் போய்விட்டார்கள். எந்த ஊருக்காக அவர்களைத் தயார் செய்தாரோ அந்த ஊரில் பழையபடி ஆள் இல்லை. இந்தக் கதை நமக்குக் கேட்ட கதையாகத்தானே இருக்கிறது!

கிறீன் 1850-களின் இறுதியில் தாயகம் சென்று, திருமணம் முடித்து, 1862-ல் மனைவி மார்கரெட்டுடன் திரும்பி வந்தார். இரண்டாவது முறை வந்தபோது மனத்தில் ஒரு முடிவு இருந்தது. 1864 முதல் மருத்துவக் கல்வி முழுவதையும் தமிழிலேயே நடத்துவது என்று தீர்மானித்தார். தமிழில் கற்றவன் தமிழ் ஊரிலேயே தங்குவான், அவனுக்குத் தெரிந்ததை அவன் வீட்டாருக்கும் அண்டை அயலாருக்கும் சொல்வான், அறிவு நாலு சுவருக்குள் அடைபடாது என்பது அவர் எண்ணம். மாணவர்கள் நடை உடை பாவனையில் வெள்ளைக்காரர்களைப்போல ஆவதையும் அவர் விரும்பவில்லை. தம் ஊர் உடையில் தம் ஊர் மனிதராகவே இருந்து வைத்தியம் பார்க்க வேண்டும் என்று வற்புறுத்தியவர் அவர்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கிறீன் மதம் பரப்ப வந்தவர். வைத்தியசாலை அவருக்குச் சமயப்பணியின் ஒரு பகுதி. அதை அவர் ஒளிக்கவும் இல்லை. அந்த நோக்கம் குறித்து நமக்குள் வேறு வேறு கருத்துகள் இருக்கலாம். தமிழில் கற்பித்தால் பட்டதாரிகள் கிராமத்தில் கட்டுண்டு கிடப்பார்கள், மேலே வரமாட்டார்கள் என்று குறை சொல்பவர்களும் உண்டு. அந்தக் குறையிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஒரு பையனின் முன்னேற்றமா, ஒரு ஊரின் தேவையா என்ற தராசில் கிறீன் ஊரின் பக்கம் கல்லை வைத்தார். இது சரிதானா என்பதை இளைய மாணவர்கள் தங்களுக்குள் விவாதித்துப் பார்க்கலாம்.

புத்தகங்கள், சொற்கள்

தமிழில் கற்பிக்கத் தமிழில் புத்தகம் வேண்டுமே! இல்லாததை அவர் உண்டாக்கினார். 1850-களிலேயே கட்டர் என்பவரின் உடல்நல நூலைத் தமிழாக்கியிருந்தார். மான்செலின் மகப்பேற்று நூல் 1857-ல் பிரசவ வைத்தியம் என்று வந்தது. துரூயிட்டின் அறுவை நூல் 1867-ல் இரண வைத்தியம் ஆயிற்று. நாம் தூக்கிக்கொண்டு அலைந்தோமே கிரேயின் அனாட்டமி, அது லண்டனில் முதன்முதலாக அச்சானது 1858-ல். பதினாலே வருடத்தில், 1872-ல், அது அங்காதிபாதமாகத் தமிழில் கிடைத்துவிட்டது! ஹூப்பரின் பொதுமருத்துவ நூல் அதே ஆண்டு வைத்தியாகரம் என்று வெளிவந்தது. வெல்ஸின் வேதியியல் 1875-ல் கெமிஸ்தம் என்றும், டால்டனின் உடலியங்கியல் 1883-ல் மனுஷ சுகரணம் என்றும் வந்தன. இந்திய மருந்துகளைப் பற்றிய வாரிங்கின் நூலும் தமிழாயிற்று. எல்லாம் சேர்த்து 4000 பக்கங்களுக்கு மேல். மானிப்பாயில் மட்டுமின்றி, கெமிஸ்தம் போன்றவை நம் நாகர்கோவில் அச்சகத்திலும் அச்சேறின.

இது தனி ஒருவர் சாதனை என்று சொன்னால் கிறீனே ஒப்புக்கொள்ள மாட்டார். மொழிபெயர்ப்பில் பெரும்பகுதியை அவருடைய மாணவர்கள் செய்தார்கள். அவர் சரிபார்த்துத் திருத்தினார். ஆக, மொழிபெயர்ப்பே ஒரு வகுப்பாகிவிட்டது. ஒரு அத்தியாயத்தைத் தன் மொழியில் எழுதிப் பார்த்தவனுக்கு அந்த அத்தியாயம் மறக்குமா?

கலைச்சொல் ஆக்குவதில் அவர் வைத்திருந்த முறை எளிமையானது. முதலில் தமிழில் ஏற்கெனவே சொல் இருக்கிறதா என்று பார். வைத்தியர்கள், வாகடங்கள், பேச்சு வழக்கு எல்லாவற்றிலும் தேடு. இல்லையென்றால் வடமொழியில் பார். அங்கும் இல்லையென்றால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கு இணங்க எழுதிக்கொள். பிடிவாதம் கிடையாது. அதனால்தான் ஒரு பக்கம் இரண வைத்தியமும் இன்னொரு பக்கம் கெமிஸ்தமும் ஒரே அலமாரியில் இருந்தன. இச்சொற்களைத் தொகுத்து அகராதிப் பட்டியல்களும் வெளியிட்டார்.

வூஸ்டரிலிருந்து வந்த தபால்

உடல்நலம் குன்றியதால் 1873-ல் கிறீன் அமெரிக்காவுக்குத் திரும்பினார். கதை இத்தோடு முடிந்திருந்தால், இவர் நல்ல மிஷன் டாக்டர்களில் ஒருவர் என்று சொல்லிவிட்டுப் போயிருப்போம். என் மனத்தைத் தொட்டது இதற்குப் பிறகு நடந்ததுதான்.

ஊருக்குப் போன கிறீன் வேலையை விடவில்லை. மானிப்பாய் மாணவர்கள் தமிழ்ப்படுத்திய கையெழுத்துப் பிரதிகள் கப்பலேறி வூஸ்டருக்குப் போகும். அவர் அங்கே உட்கார்ந்து வரிவரியாகத் திருத்துவார். அது மறுபடி கப்பலேறி அச்சுக்கு வரும். கெமிஸ்தமும் மனுஷ சுகரணமும் அவர் யாழ்ப்பாணத்தை விட்டுப் போன பிறகு வெளிவந்தவைதான். ஒரு தபால் போய்ச்சேர வாரக்கணக்கில் ஆன காலம் அது. மின்னஞ்சலில் அரை நிமிடத்தில் வரும் கட்டுரையைப் பிறகு படித்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவைக்கிற நாம், இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

1884 மே 28-ஆம் நாள் வூஸ்டரில் அவர் காலமானார். தமிழருக்கான மருத்துவ ஊழியர் என்ற பொருள்பட அவர் கல்லறையில் பொறித்திருக்கிறார்கள். அது அவரே விரும்பிக் கேட்டுக்கொண்டது. பிறந்த மண்ணில் புதைக்கப்பட்டவரின் கல்லில் தமிழர் பெயர் இருக்கிறது. மானிப்பாய் ஆஸ்பத்திரி இன்று அவர் பெயராலேயே கிறீன் நினைவு மருத்துவமனை என்று வழங்குகிறது. 1967-ல் கவிஞர் அம்பி, கிறீனின் அடிச்சுவடு என்ற நூலை எழுதி அவரை நமக்கு நினைவூட்டினார். 1998-ல் இலங்கை அரசு அஞ்சல்தலை வெளியிட்டுச் சிறப்பித்தது.

புத்தகத்துக்கும் வயதாகும்

இப்போது அந்த 1845-ஐ நினைவுக்குக் கொண்டுவாருங்கள். கிறீன் பட்டம் வாங்கியபோது மயக்க மருந்து கிடையாது. அடுத்த ஆண்டு, 1846-ல், அவர் ஊருக்குப் பக்கத்திலிருக்கும் பாஸ்டனில்தான் ஈதர் கொடுத்து முதன்முதலாக எல்லோர் முன்னிலையிலும் அறுவை செய்து காட்டினார்கள். 1867-ல் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தால் புண்ணில் சீழ்பிடிக்காமல் தடுக்கும் முறையை வெளியிட்டார். இரண வைத்தியம் அச்சானதும் அதே 1867-ல்தான்! அதாவது அந்தப் புத்தகத்தின் மை காயும் முன்பே அறுவைசிகிச்சை மாறத் தொடங்கிவிட்டது. 1882-ல் காக் காசநோய்க் கிருமியைக் கண்டார். கிறீன் மறைந்த 1884-ல் அதே காக் கல்கத்தாவில் காலராக் கிருமியை ஆராய்ந்துகொண்டிருந்தார். யாழ்ப்பாணத்தைக் காலரா சூறையாடிய ஆண்டுகளில் கிறீனும் மாணவர்களும் எதிர்த்து நின்ற எதிரி இன்னதென்று அப்போதுதான் உலகுக்குத் தெளிவாயிற்று.

ஒரு டாக்டரின் உழைக்கும் காலத்துக்குள்ளேயே மருத்துவம் தலைகீழாக மாறும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? கிறீனும் இதை உணர்ந்தவராகவே தெரிகிறார். முதலில் கட்டரின் சிறிய நூல் போதும் என்றிருந்தவர், பிறகு கிரேயையும் டால்டனையும் கொண்டுவந்தது அதனால்தானே!

ஆனால் அவருக்குப் பிறகு? 1870-ல் கொழும்பில் ஆங்கில வழி மருத்துவப்பள்ளி தோன்றியது. காலப்போக்கில் மானிப்பாயின் தமிழ்வழி மருத்துவம் நின்றுபோனது. அந்தப் புத்தகங்கள் இன்று நூலகத்தில் ஆராய்ச்சியாளர்கள் புரட்டும் பொருள்களாகிவிட்டன. தமிழால் மருத்துவம் சொல்ல முடியவில்லை என்பதால் அவை சாகவில்லை. அடுத்த பதிப்பைத் திருத்தி எழுத ஆள் இல்லாததால் செத்தன. அங்காதிபாதம் ஒருமுறை தமிழில் வந்ததோடு சரி. லண்டன் கிரேயோ இன்றைக்கும் புதிய பதிப்பாக வந்துகொண்டே இருக்கிறது. கிறீன் வாழ்க்கையிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம் இதுதான்: ஒருமுறை கற்பிப்பதால் மட்டும் எந்த வைத்தியமும் ஊரில் நிலைக்காது. கற்றதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க ஒரு கூட்டம் வேண்டும்.

நமக்கு என்ன?

2002-ல் வந்த மருத்துவ ஒழுக்க விதிகள், ஒரு டாக்டர் 5 ஆண்டுகளில் 30 மணிநேரமாவது தொடர்கல்வி பெற வேண்டும் என்று சொல்லின. நல்லதுதான். ஆனால் நகரத்து ஓட்டலில் கூட்டம், குளிர்சாதன அறை, பெரிய பேராசிரியரின் சொற்பொழிவு, பிறகு பிரியாணி என்று முடிந்துவிட்டால், நம் கிளினிக் வாசலில் நிற்கிற நோயாளிக்கு அதனால் என்ன வந்தது? டாக்டராவது போய் வருகிறார். நம்மிடம் வேலை செய்கிற நர்சம்மாவுக்கும் மருந்து கொடுக்கிறவருக்கும் சான்றிதழும் கிடையாது, கூட்டமும் கிடையாது.

சிற்றூர் கிளினிக்கில் உட்கார்ந்திருக்கும் எனக்கு இது நாள்தோறும் தெரிகிறது. நாய் கடித்து வருகிறவரை முதலில் பார்ப்பது நானா? இல்லை, வாசலில் இருக்கும் பெண்தான். காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும், மஞ்சளோ சுண்ணாம்போ வைத்திருந்தால் கழுவிவிட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தால் பாதி வேலை முடிந்தது. பாம்புக்கடியில் சுத்தமான உலர்ந்த கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, உறைகிறதா என்று பார்க்கும் சோதனைக்குப் பெரிய லேப் தேவையில்லை, பழகிய கை இருந்தால் போதும். வயிற்றுப்போக்குக்குத் தருகிற உப்புச் சர்க்கரைக் கரைசலின் அளவையே 2002-ல் உலக சுகாதார நிறுவனம் மாற்றிவிட்டது. உப்பும் குளுக்கோசும் குறைந்தன. பிறகு குழந்தைகளுக்குத் துத்தநாக மாத்திரையும் சேர்ந்தது. அதற்குமுன் பட்டம் வாங்கிய நம்மில் ஒருவருக்கு இதை யார் சொன்னார்கள்? பெரும்பாலும் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிதான். அவர் சொல்வதில் தவறில்லை. ஆனால் அவர் மட்டுமே நமக்கு ஆசிரியர் என்றால் அது அழகா?

இந்த மலர் வாயிலாக நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தாலுகாவுக்கு ஒரு இடம், இரண்டு மணிநேரம் போதும். முதல் மணி டாக்டர்களுக்கு. இரண்டாவது மணி டாக்டரும் நர்சும் மருந்தாளுநரும் வரவேற்பில் இருப்பவரும் ஒன்றாக உட்கார்ந்து, தமிழில். ரத்த அழுத்தம் சரியாகப் பார்ப்பது, ஊசி போட்ட பிறகு மயங்கி விழுந்தால் என்ன செய்வது, தடுப்பூசியை எந்தக் குளிரில் வைப்பது என்று ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரே ஒரு பொருள். பேசியதை நாலு பக்கத்தில் தமிழில் எழுதி ஆளுக்கொரு பிரதி. அடுத்த ஆண்டு அதே நாலு பக்கத்தை எடுத்து, எது மாறியது என்று திருத்த வேண்டும். இந்தக் கடைசி வேலைதான் முக்கியம். இதை விட்டால் நம் நாலு பக்கமும் அங்காதிபாதம் போன வழியே போகும்.

எழுதும் வேலையை இப்போது படிக்கிற மாணவர்களிடம் கொடுக்கலாம் என்பது என் எண்ணம். கிறீன் செய்ததும் அதுதானே! தம்பி தங்கைகளே, ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்த ஒரு பாடத்தை உங்கள் ஊர் நர்சுக்குப் புரியும் தமிழில் எழுதிப் பாருங்கள். உங்களுக்கே அது புரிந்திருக்கிறதா என்பது அப்போது தெரிந்துவிடும். சொல் கிடைக்காவிட்டால் கவலைப்படாதீர்கள். பேச்சில் இருப்பதை எடுங்கள், இல்லாததை ஆங்கிலத்திலேயே தமிழெழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

நம்மில் பலர் வெளிநாடுகளிலும் பெரிய நகரங்களிலும் இருக்கிறோம். ஊரை விட்டு வந்துவிட்டோம், இனி நாம் என்ன செய்ய முடியும் என்று நினைக்க வேண்டாம். கடல் கடந்து போன பிறகும் பதினோரு ஆண்டுகள் மானிப்பாய்ப் பிரதிகளைத் திருத்தி அனுப்பிய ஒரு மனிதர் நமக்கு முன்மாதிரியாக இருக்கிறார். முதல் கூட்டத்துக்கு இடம் தர நான் தயார். தேதியை நிர்வாகக் குழு குறிக்கட்டும்.

வாழ்க நம் கல்லூரி! வளர்க நம் சங்கம்!